நிழல் அளந்த நெடுங்கற்கள்: சவாய் ஜெய்சிங்கின் வானாய்வுக் கூடங்கள்

ஜெய்ப்பூருக்குச் செல்வோரிற் பலர் காற்று மாளிகையையும் நகர அரண்மனையையும் கண்டு முடித்த பின்னர், எஞ்சிய நேரத்திலேயே ஜந்தர் மந்தருக்குள் நுழைகின்றனர். கூரையற்ற ஒரு பெருவெளி. அதனுள் எந்த மாடிக்கும் இட்டுச் செல்லாத படிக்கட்டுகள், தரைக்குள் அமிழ்ந்த பளிங்குக் கிண்ணங்கள், வானை நோக்கிச் சாய்ந்த சுவர்கள், நடுவில் ஒற்றைத் தூண் நிற்கும் வட்டக் கட்டடங்கள். படம் எடுத்துக்கொண்டு வெளியேறுவோர்க்கு அஃது ஒரு விந்தையான சிற்பத் தோட்டம். ஆயின், அங்குள்ள ஒவ்வொரு சாய்வும் ஒவ்வொரு வளைவும் ஒரு கணக்கிற்கு விடையாக நிற்பவை என்பதை அறிந்து பார்ப்போர்க்கு அத்தோட்டம் வேறொன்றாகத் தோன்றும். இந்திய வரலாற்றில் ஓர் அரசர், தாம் கற்ற நூல்களைத் தம் கண்ணால் சோதித்துப் பார்க்க விரும்பியதன் சான்று அது.

'யந்திரம்' என்னும் சொல்லே மக்கள் வாயில் 'ஜந்தர்' ஆயிற்று. 'மந்தர்' அதனோடு இணைந்து ஒலிக்கும் துணைச்சொல்லாய் அமைந்தது. நம் மொழியிலும் யந்திரம், மந்திரம் என்னும் சொற்கள் மாயவித்தையை நினைவூட்டுவன. ஆனால், இக்கூடத்தில் மாயம் ஏதும் இல்லை. கல், சுண்ணாம்பு, பளிங்கு, நிழல், மனிதக் கண் ஆகிய ஐந்தே இங்குள்ள கருவிப் பொருள்கள்.

அரசரும் அவர் எழுப்பிய வினாவும்

கி.பி. 1688-இல் ஆமேர் அரச குடும்பத்தில் பிறந்த இரண்டாம் ஜெய்சிங், தந்தை பிஷன்சிங் இறந்தபின் தம் பதினொன்றாம் வயதில் அரியணை ஏறினார். 'சவாய்' என்னும் பட்டத்திற்கு 'ஒன்றே கால்' என்பது பொருள். மற்றவரினும் கால் பங்கு மேலானவர் என்னும் பாராட்டு அது. ஔரங்கசீப்பின் இறுதிக் காலத்தில் தொடங்கிய அவரது ஆட்சி, 1707-இல் அப்பேரரசர் மறைந்தபின் எழுந்த வாரிசுப் போர்களையும், 1739-இல் நாதிர்ஷா தில்லியைச் சூறையாடிய கொடுமையையும் கண்டது. முகலாயப் பேரரசு சிதைந்துகொண்டிருந்த காலம் அது. அக்காலத்தில் படையும் தூதும் வரியும் நிருவாகமுமாகத் திரிந்த ஒருவர் வானியலுக்கு நேரம் ஒதுக்கினார் என்பதே வியப்புக்குரியது. 1727-இல் அவர் நிறுவிய ஜெய்ப்பூர், வங்காளத்தைச் சேர்ந்த வித்யாதர் பட்டாச்சார்யாவின் துணையோடு, நேர்கோட்டுத் தெருக்களும் சதுர வட்டாரங்களுமாக வகுக்கப்பட்ட நகரம். தெருவை அளந்த அதே மனம் வானையும் அளக்க முற்பட்டது.

அவர் எழுப்பிய வினா எளியது. பஞ்சாங்கக் கணக்கும் பாரசீக, அரபு அட்டவணைகளும் ஒரு கோள் இன்ன நாளில் இன்ன இடத்தில் நிற்கும் என்று கூறுகின்றன. அன்றிரவு வானைப் பார்த்தால் அது வேறோர் இடத்தில் நிற்கின்றது. கிரகணம் குறித்த நேரத்தில் பற்றுவதில்லை. பிறை கணித்த நாளில் தோன்றுவதில்லை. அரசாங்கக் காரியங்களும் சமயச் சடங்குகளும் இக்கணக்குகளை நம்பியே நடைபெற்றமையால், பிழை ஏட்டளவில் நிற்கும் பிழையாக இருக்கவில்லை. வாக்கியப் பஞ்சாங்கத்திற்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்திற்கும் இடையே திதியும் நட்சத்திரமும் நாழிகைக் கணக்கில் வேறுபடுவதைத் தம் வீட்டுச் சுவரிலேயே காணும் தமிழ் வாசகர்க்கு இவ்வினா புதியதன்று. கணக்கும் காட்சியும் முரண்படும்போது எதை நம்புவது? ஜெய்சிங்கின் விடை: காட்சியை நம்புவது, அதற்கேற்பக் கணக்கைத் திருத்துவது.

இவ்விடையை அவர் பேரரசர் முகம்மது ஷாவிடம் எடுத்துரைத்து இசைவு பெற்றார். பின்னர்ப் பாரசீக மொழியில் உருவான தம் வானியல் அட்டவணை நூலுக்கு அப்பேரரசரின் பெயரையே இட்டு 'ஜிஜ்-எ-முகம்மது ஷாஹி' என வழங்கச் செய்தார். 'ஜிஜ்' என்பது கோள்நிலைகளைக் கணித்தறிய உதவும் அட்டவணைத் தொகுதி. அந்நூலின் முன்னுரை இந்திய அறிவியல் வரலாற்றில் ஒரு தனி ஆவணம் எனலாம். எத்தகைய பிழையைக் கண்டார், எவ்வழியில் அதனைப் போக்க முயன்றார், எங்கே தோற்றார், பின்னர் என்ன செய்தார் என்பனவற்றை அது வரிசைப்படுத்திக் கூறுகின்றது.

பித்தளையிலிருந்து கல்லுக்கு

ஜெய்சிங்கிற்கு முன்மாதிரிகள் இருந்தன. 1259-இல் நசீருத்தீன் தூசி பாரசீகத்து மராகாவில் நிறுவிய வானாய்வுக் கூடமும், பதினைந்தாம் நூற்றாண்டில் உலூக் பேக் சமர்கண்டில் நடத்திய கூடமும் அவர் அறிந்தவை. அரசராகவும் வானியலறிஞராகவும் விளங்கிய உலூக் பேக்கையே அவர் தம் வழிகாட்டியாகக் கொண்டார் என்பது அவரது நூலிலிருந்து புலப்படுகின்றது. முதலில் சமர்கண்ட் முறையைப் பின்பற்றிப் பித்தளைக் கருவிகளைச் செய்வித்தார். அவை அவருக்கு மனநிறைவு அளிக்கவில்லை.

காரணங்களை அவரே கூறுகின்றார். பித்தளைக் கருவி சிறியது. ஆகவே அதில் பாகையை நுண்ணிய பிரிவுகளாகப் பகுத்துப் பொறிக்க இடம் போதாது. சுழலும் அச்சு நாளடைவில் தேயும். தேய்ந்தால் நடுப்புள்ளி இடம் பெயரும். கருவியின் தளமும் சாயும். பண்டை வானியலறிஞர்களின் முடிவுகளில் பிழை நேர்ந்தமைக்கு இதுவே காரணம் என அவர் கருதினார். தேயாத அச்சு வேண்டுமெனில் அசையாத அச்சு வேண்டும். நுண்ணிய பிரிவு வேண்டுமெனில் பெரிய வட்டம் வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தரக்கூடியது கட்டடம் ஒன்றே. இவ்வாறு கருவி, கையில் ஏந்தும் பொருளாக இருந்த நிலை மாறி, மனிதன் உள்ளே ஏறி நடக்கும் இடமாயிற்று.

முதற்கூடம் 1724-ஆம் ஆண்டளவில் தில்லியில் எழுந்தது. ஓரிடத்தில் எடுத்த அளவைப் பிறிதோரிடத்தில் சரிபார்த்தல் வேண்டும் என்பதற்காக ஜெய்ப்பூர், மதுரா, உஜ்ஜயினி, வாராணசி ஆகிய நான்கு நகரங்களிலும் கூடங்கள் அமைக்கப்பட்டன. ஆக்ரா, மாளவம் ஆகிய மாகாணங்களின் ஆளுநர் பொறுப்பு அவரிடம் இருந்தமை மதுராவிலும் உஜ்ஜயினியிலும் கட்டுவதற்கு வாய்ப்பளித்தது. உஜ்ஜயினியோ பண்டைய இந்திய வானியலில் முதன்மை நெட்டாங்குக்குரிய நகரம். வாராணசியில் அவர்தம் முன்னோர் மான்சிங் கங்கைக் கரையில் எழுப்பிய மாளிகையின் மேல்தளமே வானாய்வுக் கூடமாயிற்று. ஐந்தனுள்ளும் பெரியது ஜெய்ப்பூர்க் கூடம். 20 அளவில் கருவிகளைக் கொண்ட அது 1734-ஆம் ஆண்டையொட்டி முழுமை பெற்றது.

கருவிகளைச் சுற்றி வருதல்

ஜெய்ப்பூர்க் கூடத்துள் நுழைவோரின் கண்ணை முதலில் ஈர்ப்பது பெரிய சாம்ராட் யந்திரம். ஏறத்தாழ 27 மீட்டர் உயர்ந்த செங்கோண முக்கோணச் சுவர் அது. அதன் சாய்ந்த விளிம்பு 27 பாகைக் கோணத்தில் எழுகின்றது. ஜெய்ப்பூரின் அகலாங்கும் அதுவே. ஆகவே அவ்விளிம்பு புவியின் அச்சுக்கு இணையாக நின்று வானத்தின் வடதுருவத்தைச் சுட்டுகின்றது. இருபுறமும் சிறகுகள்போல விரிந்த கால்வட்டச் சுவர்களின்மேல் அதன் நிழல் விழும். காலையில் மேற்குச் சிறகின் உச்சியில் தொடங்கும் நிழல் மெல்ல இறங்கி, நண்பகலில் அடியை அடைந்து, பின்னர்க் கிழக்குச் சிறகில் ஏறும். கால்வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 15 மீட்டர். ஞாயிறு ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்வதால், நிழல் ஒரு மணிக்கு ஏறக்குறைய 4 மீட்டரும், ஒரு நிமிடத்திற்கு 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேலும், ஒரு நொடிக்கு ஒரு மில்லிமீட்டரும் நகர்கின்றது. சுவரருகே நின்று பார்ப்பவரின் கண்முன்னே நிழல் ஊர்ந்து செல்லும். புவி சுழல்வதைக் கண்ணால் காணத்தக்க இடங்கள் உலகில் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று.

அளவுகோட்டில் இரண்டு நொடி வரையிலான நுண்பிரிவுகள் உள்ளன. ஆயினும், நிழலுக்கு ஓர் இயல்பு உண்டு. ஞாயிறு ஒரு புள்ளியன்று; வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டம். ஆதலின் சுவரின் நிழல் கத்திமுனைபோல வெட்டென முடிவதில்லை. கருமை படிப்படியாக வெளுத்து ஒளியில் கரைகின்றது. இப்பெருங்கருவியில் அக்கரைவின் அகலம் 14 சென்டிமீட்டர் அளவு; காலக்கணக்கில் இரண்டு நிமிடத்திற்கு மேல். அங்ஙனமாயின் இரண்டு நொடிப் பிரிவு வீண்தானா? அன்று. கால்வட்டத்திற்கு அண்மையில் மெல்லிய நூலையோ குச்சியையோ பிடித்தால், அதன் கூரிய நிழல் சுவரின் மங்கிய நிழலோடு சேர்ந்து மறையும் இடத்தை நுட்பமாகக் குறிக்க இயலும். இவ்வாறு பயிற்சி பெற்ற கண், சில நொடிப் பிழைக்குள் நேரத்தைக் கூறிவிடும். கருவியின் துல்லியம் கல்லில் மட்டும் இல்லை. அதனைக் கையாளுவோரின் பயிற்சியிலும் இருந்தது. இவ்வுண்மை இக்கூடங்களின் பின்வரலாற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

சாம்ராட் யந்திரம் காட்டும் நேரத்தைத் தம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, கருவி பிழைபட்டது என்று முடிவுகட்டும் பார்வையாளர் உளர். பிழை கருவியினுடையதன்று. இந்தியப் பொது நேரம் 82½ பாகைக் கிழக்கு நெட்டாங்கிற்கு உரியது; ஜெய்ப்பூரோ அதற்கு மேற்கே ஏறத்தாழ 6⅔ பாகை தள்ளி இருப்பது. இதனால் மட்டும் 27 நிமிட வேறுபாடு எழும். அதனோடு ஞாயிற்றின் தோற்ற இயக்கம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இராமையால் வரும் ஏற்ற இறக்கமும் சேரும். ஆகவே நவம்பர்த் தொடக்கத்தில் 10 நிமிடமும் பிப்ரவரி நடுவில் 41 நிமிடமுமாக வேறுபாடு மாறிக்கொண்டே இருக்கும். கைக்கடிகாரம் நாடு முழுவதற்கும் பொதுவான ஓர் உடன்பாட்டைக் காட்டுகின்றது. கல் அந்த ஊரின் ஞாயிற்றைக் காட்டுகின்றது. இதனாலேயே ஒரு நகரின் சாம்ராட் யந்திரத்தை மற்றொரு நகருக்குப் பெயர்த்து நட இயலாது. தில்லியில் 28½ பாகைக்கு மேல், வாராணசியில் 25 பாகைக்கு மேல், உஜ்ஜயினியில் 23 பாகைக்கு மேல் எனச் சாய்வு ஊருக்கு ஊர் வேறுபடும்.

சாம்ராட் யந்திரத்தின் சிறகுகளைத் தாங்கும் கட்டடங்களுக்குள் இருண்ட அறைகள் உள்ளன. பார்வையாளர் பலரும் அறியாமற் கடந்து செல்லும் ஷஷ்டாம்ச யந்திரம் அங்கேதான் இருக்கின்றது. வட்டத்தின் ஆறில் ஒரு பங்காகிய 60 பாகை வில் ஒன்று அவ்வறையில் வளைந்து கிடக்கும். மேலே ஒரு சிறு துளை. ஞாயிறு உச்சிக்கோட்டைக் கடக்கும் சிறு பொழுதில் மட்டும் ஓர் ஒளிவட்டம் துளை வழியே இறங்கி வில்லின்மீது படிந்து, சிறிது நேரத்தில் மறைந்துவிடும். அவ்வட்டம் படிந்த இடத்தைக் கொண்டு ஞாயிற்றின் உயரத்தையும், அதன் அகலத்தைக் கொண்டு ஞாயிற்றின் தோற்ற விட்டத்தையும் அளந்தனர். வெளியே நிழலை அளந்தவர்கள் உள்ளே இருளில் ஒளியை அளந்தனர்.

ஜெய்சிங்கின் சொந்தப் படைப்பாகக் கருதப்படுவது ஜெய்ப்பிரகாச யந்திரம். 5 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள இரண்டு அரைக்கோளக் கிண்ணங்கள் தரைக்குள் பதிக்கப்பட்டுள்ளன. கவிழ்ந்த வானத்தை நிமிர்த்தி வைத்தாற்போன்ற அமைப்பு அது. கிண்ணத்தின் வாயில் குறுக்கே கட்டிய கம்பிகளின் நடுவிலுள்ள சிறு வளையத்தின் நிழல் உள்ளே எங்கு விழுகின்றதோ, அங்குள்ள கோடுகளைப் படித்து வானில் ஞாயிறு நிற்கும் இடத்தை அறியலாம். கிண்ணம் முழுதும் பளிங்காக இருப்பின் ஆய்வாளர் இறங்கி நிற்க இடமிராது. ஆகவே பளிங்குப் பட்டைகளுக்கு இடையே நடைவழிகள் விடப்பட்டன. ஒரு கிண்ணத்தில் வழி உள்ள இடத்தில் மற்றொன்றில் பளிங்கு இருக்கும். நிழல் ஒன்றில் வழிக்குள் விழுந்து மறைந்தால் மற்றதற்குச் சென்று அளவைத் தொடரலாம். இரவிலோ, ஆய்வாளர் அவ்வழியில் நின்று, கண்ணைப் பளிங்கின் விளிம்பில் வைத்து, வளையத்தின் ஊடாக விண்மீனை நோக்குவார். கோள்நிலையும் உயரமும் திசையும் ராம யந்திரத்தில் இதே இணைமுறையில் அளக்கப்பட்டன. வட்டச் சுவர்களுக்கு நடுவே தூண் நிற்கும் இரண்டு கட்டடங்கள் ஒன்றன் இடைவெளியை மற்றொன்று நிரப்புகின்றன. பன்னிரண்டு ஓரைகளுக்கும் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு சிறு கருவிகள் கொண்ட ராசிவலய யந்திரம் ஜெய்ப்பூரில் மட்டுமே உள்ள தனிச்சிறப்பு.

கீழையும் மேலையும்

கல்லை எழுப்பியதோடு ஜெய்சிங் நிற்கவில்லை. அவர் அவையில் இருந்த ஜகந்நாத சாம்ராட், யூக்ளிடின் வடிவ கணித நூலை அரபு மொழியிலிருந்து 'ரேகாகணிதம்' என்னும் பெயரில் வடமொழிக்குக் கொணர்ந்தார். தாலமியின் 'அல்மகெஸ்ட்' நூலையும் அரபு வழியே வடமொழியாக்கினார். நயனசுக உபாத்தியாயர் வேறு சில நூல்களை மொழிபெயர்த்தார். கேவலராமர் அட்டவணைப் பணியில் துணைநின்றார். இந்து பண்டிதரும் இசுலாமிய வானியலறிஞரும் ஒரே கூடத்தில் ஒரே வானைப் பார்த்தனர். கிரேக்கத்தில் பிறந்து பாக்தாத் வழியே பாரசீகம் புகுந்த ஒரு நூல், ஆமேர் அரசரின் அவையில் வடமொழி பேசிற்று என்பது மொழிபெயர்ப்பின் வரலாற்றில் நினைக்கத்தக்க செய்தி.

ஐரோப்பாவில் வானியல் வளர்ந்திருப்பதைக் கேள்வியுற்ற அவர், 1727-இல் இயேசு சபைப் பாதிரியார் மானுவல் தெ பிகெரெதோவின் தலைமையில் போர்ச்சுகலுக்கு ஒரு குழுவை அனுப்பினார். 1730-ஆம் ஆண்டை ஒட்டித் திரும்பிய அக்குழு, பாரிசில் வாழ்ந்த லா ஹீரின் வானியல் அட்டவணையைக் கொணர்ந்தது. ஜெய்சிங் அதனையும் வானோடு ஒப்பிட்டார். நிலவின் இடத்தில் அரைப் பாகைப் பிழை இருப்பதாகத் தம் முன்னுரையில் குறித்தார். ஐரோப்பியரின் கருவிகள் தம் கருவிகளைப்போலப் பெரியன அல்லாமையே அதற்குக் காரணம் எனவும் எழுதினார். 1734-இல் வங்காளத்துச் சந்திரநாகூரிலிருந்து பூதியே, போன்ஸ் என்னும் இரு பிரெஞ்சுப் பாதிரியார்களையும், பின்னர் 1740-இல் ஜெர்மானியப் பாதிரியார் இருவரையும் வரவழைத்தார். அவரிடம் தொலைநோக்கியும் இருந்தது. வியாழனின் நான்கு துணைக்கோள்களையும் வெள்ளியின் பிறை வடிவையும் அவர் அறிந்திருந்தார்.

நூலும் கல்லும்

இங்கேதான் ஜெய்சிங்கை மதிப்பிடுவோர் இரு பிரிவினர் ஆகின்றனர். கோபர்நிக்கசின் நூல் 1543-இல் வெளிவந்தது. கெப்ளர் 1609-இல் கோள்களின் நீள்வட்டப் பாதையை அறிவித்தார். நியூட்டனின் 'பிரின்சிபியா' ஜெய்சிங் பிறப்பதற்கு முந்திய ஆண்டில், 1687-இல் அச்சேறியது. பாரிசிலும் கிரீனிச்சிலும் பதினேழாம் நூற்றாண்டிலேயே வானாய்வுக் கூடங்கள் நிறுவப்பட்டு, தொலைநோக்கியை அளவுக் கருவியோடு பொருத்தும் முறை வழக்கிற்கு வந்துவிட்டது. அத்தகைய காலத்தில் வெறுங்கண்ணுக்கெனக் கல்லால் கட்டியது காலங்கடந்த முயற்சி என்பது ஒரு சாராரின் கருத்து.

இக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மேலும் கடுமையான செய்திகளும் உள. ஜிஜ் நூலிலுள்ள விண்மீன் பட்டியல் புதிதாக அளந்து எழுதப்பட்டதன்று. உலூக் பேக்கின் பட்டியலோடு, இடைப்பட்ட காலத்திற்குரிய அயனப் பெயர்ச்சியாக 4 பாகை 8 கலையைக் கூட்டிப் பெறப்பட்டது. 1984-இல் ரேமண்ட் மெர்சியர் வெளியிட்ட ஆய்வு, அந்நூலின் ஞாயிறு, திங்கள், கோள் அட்டவணைகள் லா ஹீரின் அட்டவணைகளையே அடிப்படையாகக் கொண்டவை எனக் காட்டிற்று. முன்னுரையில் எவருடைய பிழை சுட்டப்பட்டதோ, அவருடைய எண்களே உள்ளே இடம்பெற்றன. நூலை நம்பாமல் கல்லை எழுப்பியவர், இறுதியில் கல்லை விடுத்து நூலையே நாடினாரா என்னும் வினா எழுவது இயல்பு.

இவ்வினாவிற்கு விடைகாணும்போது இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும். ஒன்று, ஓர் இரவில் நிலவின் இடத்தை அளப்பது வேறு. அது நூறாண்டுக்குப் பின் எங்கிருக்கும் எனக் கணிக்கும் அட்டவணையை இயற்றுவது வேறு. முன்னதற்குக் கருவி போதும். பின்னதற்குப் பல பத்தாண்டுகள் இடைவிடாது எடுத்த அளவுகளும், அவற்றை ஒருங்கிணைக்கும் கொள்கையும் வேண்டும். சாம்ராட் யந்திரம் முதலாவதைத் தந்தது. இரண்டாவதைத் தரக் காலம் இடங்கொடுக்கவில்லை. மற்றொன்று, அவருக்குக் கிடைத்த ஐரோப்பா, லிஸ்பன் வழியாகவும் பாதிரியார்கள் வழியாகவும் வந்த ஐரோப்பா. ஞாயிற்றை நடுவிற் கொண்ட கொள்கையை விளக்கும் நூல்கள்மீது கத்தோலிக்கத் திருச்சபை விதித்திருந்த பொதுத் தடை 1758 வரை நீங்கவில்லை. லா ஹீரின் அட்டவணையோ எண்களின் தொகுதி. அவ்வெண்களுக்குப் பின்னே நின்ற கொள்கைப் போராட்டத்தை அது கூறுவதன்று. எண்கள் கடல் கடந்து வந்தன. அவற்றை ஈன்ற விவாதம் வரவில்லை.

ஆகவே ஜெய்சிங்கின் பெருமையை நியூட்டனோடு வைத்து அளப்பதும், நவீன அறிவியலின் முன்னோடி எனப் புகழ்மாலை சூட்டுவதும் ஒருசேரப் பொருந்தாதவை. 1918-இல் இக்கூடங்களை அளந்து நூல் எழுதிய ஜி. ஆர். கே முதல், 1995-இல் விரிவான ஆய்வு வெளியிட்ட வீரேந்திரநாத் சர்மா வரை அறிஞர் பலரும் இக்கருவிகளின் நுட்பத்தை ஆராய்ந்துள்ளனர். அவ்வாய்வுகள் ஒன்றைத் தெளிவாக்குகின்றன: வெறுங்கண்ணால் அளப்பதில் மனிதன் எட்டக்கூடிய எல்லைக்கு அருகே ஜெய்சிங்கின் கருவிகள் சென்றன. மராகாவில் தொடங்கிய ஒரு நெடுமரபின் கடைசிப் பெருஞ்சொல் அவை.

கூடங்களின் பின்வரலாறு

1743-இல் ஜெய்சிங் மறைந்தார். அரியணைக்காக அவர் மைந்தர் ஈசுவரிசிங், மாதோசிங் இருவரிடையே பூசல் மூண்டது. 1750-இல் ஈசுவரிசிங் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அத்தகைய சூழலில் ஒவ்வோர் இரவும் விண்மீனை அளந்து ஏட்டில் குறிக்கும் பணி தொடரவில்லை. அளவெடுக்கும் கண்ணுக்குப் பயிற்சி அளிக்க அடுத்த தலைமுறை இல்லை. மதுராவின் கூடம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவடின்றி அழிந்தது. தில்லிக் கூடம் சிதைவுற்று, 1852-இல் ஒரு பகுதியும் 1910-இல் பிறவும் செப்பனிடப்பெற்றன. உஜ்ஜயினிக் கூடம் 1923-இல் குவாலியர் அரசரால் புதுப்பிக்கப்பெற்று மீண்டும் பயன்பாட்டிற்கு வந்தது.

ஜெய்ப்பூர்க் கூடம் 1901-1902-இல் பொறியாளர் கர்ரெட்டின் மேற்பார்வையில் புத்துயிர் பெற்றது. அப்பணியில் அவருக்குத் துணைநின்று, கூடத்தையும் அதனைக் கட்டியவரையும் பற்றி 1902-இல் அவரோடு இணைந்து ஆங்கிலத்தில் நூல் எழுதியவர் சந்திரதர் சர்மா குலேரி. அப்போது அவருக்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை. இலக்கிய அன்பர்கள் இப்பெயரை வேறு வகையில் அறிவர். 1915-இல் 'சரஸ்வதி' இதழில் வெளிவந்த 'உஸ்னே கஹா தா' என்னும் இந்திச் சிறுகதையின் ஆசிரியர் அவரே. அமிர்தசரசின் கடைத்தெருவில் சிறுவனும் சிறுமியுமாகச் சந்தித்த இருவரையும், பல்லாண்டுகளுக்குப் பின் முதல் உலகப்போரின் பதுங்குகுழியில் ஒரு வீரன் காத்த வாக்கையும் கூறும் அக்கதை, இந்திச் சிறுகதை வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகப் போற்றப்படுகின்றது. அழிந்த அளவுக்கோடுகளைத் தேடி ஏட்டுச்சுவடிகளைப் படித்த அதே இளைஞர்தாம் பின்னர் அக்கதையை எழுதினார். 1922-இல் இளவயதிலேயே அவர் மறைந்தார்.

ஜெய்ப்பூர்க் கூடம் 2010-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. குரு பௌர்ணமி என வடநாட்டார் கொண்டாடும் ஆஷாட முழுநிலா நாளில் சோதிடர்கள் சாம்ராட் யந்திரத்தின் உச்சி மண்டபத்தில் ஏறி, கொடி அசையும் திசை கொண்டு மழைவளம் கூறும் வழக்கம் உண்டு. நிழலை நொடிக்கணக்கில் அளக்கக் கட்டிய மேடை, காற்றுக் குறி பார்க்கும் மேடையானது காலத்தின் கோலம். தில்லியிலோ சுற்றிலும் எழுந்த உயர்மாடிக் கட்டடங்கள் அடிவானத்தை மறைக்கின்றன. அக்கூடத்தின் பெயர், அருகிலுள்ள சாலையில் நடைபெறும் அறப்போராட்டங்களால் நாளிதழ்களில் மிகுதியும் அடிபடுகின்றது.

முடிவாக

ஜெய்சிங் பித்தளையைக் கைவிட்டதற்குக் காரணம் அது தேயும் என்பது. தேயாத கல்லை அவர் தேர்ந்தார். கல் அவரை ஏமாற்றவில்லை. முந்நூறு ஆண்டுகளை நெருங்கியும் அதன் சாய்வு துருவத்தையே சுட்டுகின்றது. தேய்ந்தது வேறொன்று. நூலைப் பிடித்து நிழலின் எல்லையைக் கண்டறியும் கை, இருளறையில் நண்பகலுக்காகக் காத்திருக்கும் பொறுமை, நேற்றைய குறிப்பை இன்றைய குறிப்போடு ஒப்பிடும் வழக்கம், பிழையைப் பிழையெனச் சொல்லும் அவை: இவை ஓர் அரசரின் ஆயுளோடு கட்டப்பட்டிருந்தன, அவரோடு முடிந்தன. கருவியை ஒருவர் கட்டிவிடலாம். அதனைப் பயன்படுத்தும் வழிமுறையைப் பலர் கூடித் தலைமுறைதோறும் காத்தல் வேண்டும். பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மலரில் இச்செய்தியை நினைவுகூர்வது பொருத்தமே. மாதந்தோறும் கூடுவதும், ஒருவர் படைப்பை மற்றவர் பிழை சுட்டிப் படிப்பதும், வந்து சேரும் இளையவர்க்கு இடமளிப்பதும் அத்தகைய காவலன்றிப் பிறிதில்லை.

ஜெய்ப்பூர் செல்லும் அன்பர்கள் ஜந்தர் மந்தருக்கு நாளின் எஞ்சிய நேரத்தை ஒதுக்காது, காலைப் பொழுதையே ஒதுக்குதல் நன்று. சாம்ராட் யந்திரத்தின் மேற்குச் சிறகருகே ஓர் அரைமணி நேரம் நின்றால் போதும். நிழல் இரண்டு மீட்டர் இறங்கியிருக்கும். அதனை அளந்தவர்களின் பெயர்களிற் பெரும்பாலானவை ஏட்டில் இல்லை. அவர்கள் நின்று தேய்த்த படிகள் மட்டும் இருக்கின்றன.